கோடு, வட்டம், கட்டம்: பழைய மாடர்னிஸ்ட் கம்பளமும் ஃபர்னிச்சரும் சேர்ப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

பூவும் கொடியும் போட்ட கம்பளத்தைப் போலி செய்ய வரையத் தெரிந்த ஆள் வேண்டும். இரண்டு வட்டமும் ஒரு கறுப்புப் பட்டையும் போட்ட கம்பளத்துக்கு அளவுகோலும் காம்பஸும் போதும். அலங்காரத்தை விட்டுக் கோடும் வட்டமும் கட்டமுமாக நிற்கும் இந்த மாடர்னிஸ்ட், வடிவியல் பாணிப் பொருள்களைச் சேர்ப்பதில் உள்ள சிக்கல் முழுக்க இங்கேதான் இருக்கிறது. மேல்பக்கத்தை யாரும் நகலெடுத்துவிடலாம். அதனால் கீழே உள்ள பதில்களில் பாதி, கம்பளத்தைப் புரட்டுங்கள், நாற்காலியைக் கவிழ்த்துப் பாருங்கள் என்றுதான் சொல்லும்.

எந்தக் காலத்துப் பொருள்கள் இந்த வகையில் வரும்?

1910களிலிருந்து 1970கள் வரை என்று பொதுவாக வைத்துக்கொள்கிறார்கள். அதற்கும் முன்பே வியன்னாவில் கட்டடக்கலைஞர் யோசெஃப் ஹோஃப்மன் சதுரத்தின் மேல் தீராத மோகத்தோடு இருந்தார். 1917ல் நெதர்லாந்தில் டி ஸ்டைல் என்ற கலைஞர் குழு தன் இதழைத் தொடங்கியது. 1919ல் ஜெர்மனியின் வைமார் நகரில் கட்டடக்கலைஞர் வால்டர் குரோப்பியஸ் பௌஹவுஸ் என்ற கலை, வடிவமைப்புப் பள்ளியைத் தொடங்கினார். பாரிஸில் ஐலீன் கிரே, லண்டனில் மேரியன் டோர்ன், ஸ்வீடனில் மெர்த்தா மோஸ்-ஃபியெட்டர்ஸ்ட்ரோம் என்று கம்பளத்தில் பெரிய பெயர்கள் பெரும்பாலும் பெண்கள். பௌஹவுஸில் சேர்ந்த பெண்களில் பெரும்பாலானோரை நெசவுப் பட்டறைக்குத் தள்ளிவிட்டார்கள் என்பது ஒரு காரணம். அப்படித் தள்ளப்பட்ட இடத்திலிருந்துதான் குந்தா ஷ்டோல்ஸலும் ஆனி ஆல்பர்ஸும் வந்தார்கள்.

நூறு வயது தாண்டியதை ஆன்டிக் என்றும், அதற்குக் குறைந்ததை விண்டேஜ் என்றும் வியாபாரிகள் சொல்கிறார்கள். சில நாடுகளில் சுங்க வரியே இந்த நூறு வருடக் கணக்கை வைத்து மாறுகிறது. பௌஹவுஸின் ஆரம்பகாலப் பொருள்கள் இப்போது அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டன.

கம்பளத்தில் ஆரம்பிப்பதா, நாற்காலியிலா?

என் கட்சி கம்பளம். நாற்காலிகளில் நல்லவற்றுக்கெல்லாம் பெயரும் மாடல் எண்ணும் ஆண்டும் உண்டு, விலையும் எல்லோருக்கும் தெரியும். கம்பளத்தில் அப்படியில்லை. யார் நெய்தது என்று தெரியாத, ஆனால் பார்த்தவுடன் நிறுத்திவைக்கிற துண்டுகள் இன்னமும் கிடைக்கின்றன. குறிப்பாக ஸ்காண்டிநேவிய நாடுகளின் தட்டை நெசவு விரிப்புகள். ஜமுக்காளம் மாதிரி மேலே முடி (எழுந்து நிற்கும் நூல் நுனிகள்) இல்லாமல், பாவும் (நீளவாக்கு நூல்) ஊடும் (குறுக்கு நூல்) மட்டுமே சேர்ந்து வடிவத்தை உருவாக்கும். ஸ்வீடன்காரர்கள் இந்த நெசவில் ஒரு வகையை ரொல்லாகன் என்பார்கள்.

கையால் முடிச்சுப் போட்டதா, வேறு வகையா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

புரட்டுங்கள். முடிச்சுக் கம்பளத்தில் மேலே உள்ள வடிவம் பின்பக்கமும் அதே தெளிவோடு தெரியும். வட்டத்தின் விளிம்பைப் பின்பக்கம் விரலால் தொடர்ந்தால், சிறு சிறு படிகளாக ஏறி இறங்கும். ஒவ்வொரு படியும் ஒரு முடிச்சு. முன்பக்கத்தை மடித்து முடியை விலக்கினால் அடியில் பாவு நூலைச் சுற்றிய முடிச்சு கண்ணுக்கே தெரியும். ஓரக் குஞ்சம், கம்பளத்தின் பாவு நூலே வெளியே நீண்டதாக இருக்க வேண்டும். தனியாகத் தைத்து ஒட்டியிருந்தால் அது மெஷின் வேலையாகவோ பிற்காலப் பழுதுவேலையாகவோ இருக்கும்.

ரியா என்ற ஸ்காண்டிநேவிய நீள்முடி வகை இதற்கு விதிவிலக்கு. அதில் முடிச்சு வரிசைகளுக்கு இடையே பல வரிசை ஊடு ஓடும். அதனால் பின்பக்கம் வடிவம் மங்கலாகவே தெரியும், சிலவற்றில் தெரியாமலே போகும். அதைப் பார்த்துப் போலி என்று ஒதுக்கிவிடாதீர்கள். அதேநேரம், ரியா என்ற பெயரில் 1960களிலும் 70களிலும் விசைத்தறியில் நெய்தவையும் ஏராளம். தரையில் போட அழகானவைதான், ஆனால் கைவேலை விலை கொடுக்காதீர்கள்.

பின்பக்கம் முழுக்கத் துணி ஒட்டியிருந்தால் அது டஃப்டட் வகை. துணியில் நூலைக் குத்தி இறக்கி, பின்னால் லேடெக்ஸ் பசை தடவி, அதன்மேல் மறுதுணி ஒட்டியிருப்பார்கள். பல பத்தாண்டுகள் கழித்து அந்த லேடெக்ஸ் காய்ந்து பொடியாக உதிரும். கம்பளத்தைத் தூக்கியதும் தரையில் மஞ்சள் கலந்த மாவு கொட்டிக் கிடந்தால் அதுதான். இதைச் சரிசெய்யலாம், ஆனால் துணியை முழுக்க உரித்துப் புதிதாக ஒட்ட வேண்டும்.

டஃப்டட் என்றால் மட்டம் என்று ஒரு பேச்சு இருக்கிறது. அதை நான் ஏற்கமாட்டேன். அமெரிக்காவில் 1924ல் தொடங்கிய விசோஸ்கி நிறுவனமும், பிற்பாடு எட்வர்ட் ஃபீல்ட்ஸ் நிறுவனமும் செய்தவை டஃப்டட் கம்பளங்கள்தான். முடியை வெவ்வேறு உயரத்தில் வெட்டி, செதுக்கி, கோட்டுக்கே ஒரு நிழல் விழ வைத்தார்கள். முடிச்சில் அதை அவ்வளவு எளிதாகக் கொண்டுவர முடியாது.

மூலையில் ஏதோ எழுத்துகள் நெய்திருக்கின்றன. கையெழுத்தா?

பெரும்பாலும் ஆமாம். மேரியன் டோர்ன் தன் பெயரைக் கம்பளத்திலேயே நெய்யச் சொன்னார். பிரான்சில் இவான் ட சில்வா ப்ரூன்ஸ் முழுப்பெயரையோ முத்திரை எழுத்தையோ போடுவார். ஸ்வீடன் விரிப்புகளில் நெய்தவர், வடிவமைத்தவர், கைத்தொழில் சங்கம் என்று எல்லாருடைய முதலெழுத்தும் ஓரங்களில் சிறியதாக உட்கார்ந்திருக்கும். அவற்றைப் படிக்கப் பழகுவது இந்தப் பொழுதுபோக்கில் எனக்கு மிகவும் பிடித்த வேலை.

மெர்த்தா மோஸ்-ஃபியெட்டர்ஸ்ட்ரோம் பட்டறையின் கதையைத் தெரிந்துகொண்டால் மற்றவை எளிது. 1919ல் ஸ்வீடனின் போஸ்டாட் நகரில் பட்டறை தொடங்கினார், 1941ல் இறந்தார். அவர் உயிரோடு இருந்தபோது நெய்தவற்றில் அவர் பெயரின் மூன்று முதலெழுத்துகள், எம்எம்எஃப், மட்டும் இருக்கும். அவர் மறைவுக்குப் பின் பட்டறை நிறுவனமாக மாறியதும் முன்னால் ஏபி சேர்ந்துகொண்டது. 1942 முதல் 1970 வரை கலைப்பொறுப்பில் இருந்த பார்ப்ரோ நில்சனின் வடிவங்களில் அவருடைய இரண்டு எழுத்தும் பிஎன் என்று கூடவே வரும். இப்போது கவனியுங்கள்: அந்தப் பட்டறை இன்றும் நெய்துகொண்டிருக்கிறது, மெர்த்தாவின் பழைய வடிவங்கள் உட்பட. ஆகவே ஏபி இருந்தால் 1941க்குப் பிறகு என்பது மட்டும் உறுதி. 1945ஆ, 2005ஆ என்பதைக் கம்பளியும் சாயமும் தேய்மானமும்தான் சொல்ல வேண்டும்.

இன்னொன்று. எழுத்துகள் நெய்யப்பட்டிருக்கின்றனவா, பிறகு ஊசியால் தைக்கப்பட்டிருக்கின்றனவா என்று பின்பக்கத்தில் பாருங்கள். தைத்திருந்தால் அங்கே நூல் தடித்து மேடாக இருக்கும்.

கம்பளம் நிஜமாகவே பழசா, பழசாக்கப்பட்டதா?

முடியை விலக்கி வேரைப் பாருங்கள். பல வருடம் வெளிச்சம் பட்டு மங்கிய கம்பளத்தில் நுனி வெளுத்தும் வேர் அடர்ந்தும் இருக்கும், நடுவில் நிறம் படிப்படியாக மாறும். ரசாயனத்தில் முக்கி வெளுத்ததில் நிறம் சட்டென்று மாறும், அல்லது வேர்வரை ஒரே வெளிறலாக இருக்கும். தேய்மானம் நடக்கிற பாதையிலும் நாற்காலிக் கால் பதிந்த இடத்திலும் இருக்க வேண்டும். கம்பளம் முழுக்கச் சமமாகத் தேய்ந்திருந்தால் யாரோ அதைத் தேய்த்திருக்கிறார்கள்.

புற ஊதா விளக்கும் உதவும். துணியைப் பளிச்சென்று காட்டும் ஒளிரூட்டிகள் இரண்டாம் உலகப் போருக்குப் பின்தான் பரவலாகப் புழக்கத்துக்கு வந்தன. இருட்டில் விளக்கடித்ததும் 1925 என்று சொல்லப்படும் கம்பளத்தின் பருத்திப் பாவு நீலவெள்ளையாக மின்னினால் கேள்வி கேளுங்கள். ஆனால் இந்தக் காலத்துச் சலவைத்தூளில் துவைத்திருந்தாலும் மின்னும். அதனால் இந்தச் சோதனை சந்தேகத்தை எழுப்பும், தீர்ப்புச் சொல்லாது.

பட்டு என்று விற்பதில் பாதி விஸ்கோஸ், அதாவது மரக்கூழிலிருந்து செய்யும் செயற்கை இழை. ஒரு நூலிழையை எடுத்துக் கொளுத்தினால் கம்பளியும் பட்டும் முடி கருகும் நாற்றம் தரும், விஸ்கோஸ் காகிதம் எரியும் வாசனை தரும், பாலியஸ்டர் உருகி மணியாகும்.

மொராக்கோவின் பெர்பெர் கம்பளங்களில் இந்த ஏமாற்று மிக அதிகம். கட்டடக்கலைஞர் லெ கொர்புசியே போன்றவர்களுக்கு அவை பிடித்திருந்தன என்பதால் இவற்றுக்கு மாடர்னிஸ்ட் மவுசு உண்டு. அதை நம்பிப் போன மாதம் நெய்ததைக்கூட விண்டேஜ் என்று விற்கிறார்கள்.

ஃபர்னிச்சரின் காலத்தை எதைக்கொண்டு கணிப்பது?

கவிழ்த்துவிட்டு ஸ்க்ரூவில் ஆரம்பியுங்கள். குறுக்கு வெட்டுள்ள ஃபிலிப்ஸ் ஸ்க்ரூ 1930களின் நடுவில் வந்தது. 1926 மேசையில் அது இருந்தால், மேசை தவறு அல்லது ஸ்க்ரூ பிற்பாடு மாற்றப்பட்டது. மாற்றியதென்றால் துளையைச் சுற்றிப் பழைய தலை அழுந்திய தடம் இருக்கும். அப்புறம் உள்ளே இருப்பவை. மரத்தூள் பலகை 1940களில்தான் ஆலைப்பொருளாக வந்தது. பாலியூரித்தேன் ஃபோம் 1950களில் வந்தது. எம்டிஎஃப் (மர இழைகளை அழுத்திச் செய்த பலகை) 1960களுக்கு முன் கிடையாது. போருக்கு முந்தைய இருக்கை என்றால் குதிரை முடி, தென்னை நார், சுருள் ஸ்பிரிங் போன்றவையோ 1930களின் லேடெக்ஸ் நுரையோ இருக்கலாம். மெத்தை உறையை மாற்றியிருப்பார்கள் என்பதால் இதை மட்டும் வைத்து முடிவுகட்டக் கூடாது.

குழாய் எஃகு நாற்காலிக்கு இன்னொரு தடயம் உண்டு. பௌஹவுஸ்காரரான மார்செல் ப்ராயர் 1925-26ல் செய்த பி3 நாற்காலியை எடுத்துக்கொள்ளுங்கள், இப்போது வாசிலி என்று அழைக்கிறார்களே, அதைத்தான். ஆரம்பக் குழாய்களுக்கு நிக்கல் முலாம். குரோம் 1920களின் கடைசியில்தான் பரவியது. நிக்கலுக்குக் கொஞ்சம் மஞ்சள் கலந்த மென்மையான பளபளப்பு இருக்கும், குரோம் நீலம் கலந்து கண்ணாடியாக மின்னும். பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒருமுறை பார்த்துவிட்டால் மறக்காது. பி3யின் முதல் இருக்கைப் பட்டைகள் துணி. மெழுகிட்டுப் பதப்படுத்திய பருத்தி நூலில் நெய்தது, இரும்பு நூல் என்று பொருள்படும் ஐசன்கார்ன் என்று பெயர். தோல் பட்டையும் வாசிலி என்ற பெயரும் 1960களில் இத்தாலியின் கவீனா நிறுவனம் அதை மறுபடி வெளியிட்டபோது வந்தவை. 1968ல் கவீனாவை அமெரிக்காவின் நோல் நிறுவனம் வாங்கிக்கொண்டது. ஆகவே கறுப்புத் தோலும் கண்ணாடிக் குரோமுமாக ஒன்றை "பௌஹவுஸ் காலத்து அசல்" என்று யாராவது காட்டினால் தேநீர் குடித்துவிட்டுக் கிளம்பலாம்.

பார்சிலோனா நாற்காலியும் இதே கதை. 1929ல் லுட்விக் மீஸ் வான் டெர் ரோவும் லில்லி ரைக்கும் சேர்ந்து செய்ததில் சட்டத்தின் பகுதிகளை போல்ட் போட்டு இணைத்திருந்தார்கள். இணைப்பே தெரியாத துருப்பிடிக்காத எஃகுச் சட்டம் 1950ல் மாற்றியமைத்த பிறகு வந்தது.

உரிமம் பெற்ற மறுவெளியீடு வாங்கலாமா? அதுவும் நகல்தானே?

வாங்கலாம். "அசல்" என்பது இங்கே நேர்க்கோடு இல்லை. டி ஸ்டைல் குழுவைச் சேர்ந்த ஹெரிட் ரீட்வெல்ட் 1918 வாக்கில் செய்த நாற்காலிக்குச் சிவப்பும் நீலமும் 1923 வாக்கில்தான் வந்தன. அவருடைய பட்டறையை 1924ல் ஏற்றுக்கொண்ட ஹெரார்ட் ஃபான் டெ க்ருனகான் பல பத்தாண்டுகள் ரீட்வெல்டின் வடிவங்களைக் கையால் செய்து கொடுத்தார். அவற்றையும் அருங்காட்சியகங்கள் மதிக்கின்றன. பிறகு உரிமம் இத்தாலியின் கசீனா நிறுவனத்துக்குப் போனது. ஆனி ஆல்பர்ஸ் 1926ல் வடிவமைத்த சுவர்த்துணி ஒன்றை 1965ல் குந்தா ஷ்டோல்ஸல் திரும்ப நெய்தார். அதை யார் நகல் என்று சொல்வது?

வரிசை இப்படி: காலத்து அசல், வடிவமைப்பாளர் இருந்தபோதே வந்த பிற்காலத் தயாரிப்பு, உரிமம் பெற்ற மறுவெளியீடு, உரிமமில்லாத நகல். முதல் மூன்றுக்கும் மறுவிற்பனை உண்டு. அதிலும் 1960கள், 70களின் உரிம மறுவெளியீடுகள் இப்போது தாங்களே விண்டேஜ் ஆகிவிட்டன. தரமும் நன்றாக இருக்கும், விலையும் அசலின் பக்கத்தில் வராது. புதிதாகச் சேர்ப்பவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இவற்றைத்தான்.

லேபிள் இருக்கிறது. போதுமா?

போதாது. லேபிளைத் தனியாகவே விற்கிறார்கள். அதன் கீழே மரம் வெளிறாமல் இருக்கிறதா, ஆணித் துருப்பிடித்த தடம் லேபிளோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். லேபிள் இல்லாத அசலும் ஏராளம்.

சண்டிகர் நாற்காலிகள் பற்றிச் சொல்லுங்கள்.

கட்டடக்கலைஞர் பியர் ஜான்னரே 1950களில் சண்டிகரின் அரசு அலுவலகங்களுக்கும் கல்லூரிகளுக்கும் தேக்கிலும் பிரம்பிலும் செய்வித்தவை. பக்கவாட்டில் பார்த்தால் கால் தலைகீழ் 'வி' வடிவில் இருக்கும். பழசாகிவிட்டன என்று குவித்துப்போட்டு மலிவாக ஏலம் விட்டதை வெளிநாட்டு வியாபாரிகள் வாங்கிப் போய், சீர்செய்து, பாரிஸிலும் நியூயார்க்கிலும் பெருந்தொகைக்கு விற்றார்கள். 2011ல் இந்திய உள்துறை அமைச்சகம் இந்தப் பாரம்பரியப் பொருள்களை விற்கவும் ஏற்றுமதி செய்யவும் தடை போட்டது. எந்த அலுவலகத்துச் சொத்து என்று காட்டும் எழுத்துகள் பெயிண்டால் எழுதப்பட்டிருக்கும். அந்த எழுத்தையே ஆதாரமாகக் காட்டுவது வழக்கம், ஆனால் பெயிண்டும் தூரிகையும் எல்லோரிடமும் உண்டு. பழைய தேக்கில் புதிதாகச் செய்தவை நிறைய. எப்போது, எந்த ஏலத்தில், யார் வாங்கியது என்ற காகிதம் இல்லாமல் தொடாதீர்கள்.

ரோஸ்வுட் மேசையை வேறு நாட்டிலிருந்து வரவழைக்கலாமா?

முதலில் எந்த ரோஸ்வுட் என்று கேளுங்கள். பிரேசில் ரோஸ்வுட் 1992 முதல், அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் உடன்படிக்கையின் முதல் பட்டியலில், அதாவது மிகக் கடுமையான பாதுகாப்பில், இருக்கிறது. அதே டால்பெர்ஜியா இனத்தின் மற்ற மரங்கள் 2017ல் இரண்டாம் பட்டியலுக்கு வந்தன. 1950கள், 60களின் டேனிஷ் அலமாரிகளிலும் ஈம்ஸ் தம்பதியின் 1956 சாய்வு நாற்காலியிலும் பிரேசில் ரோஸ்வுட் வெனீர் (மேலே ஒட்டும் மெல்லிய மரத்தகடு) சர்வசாதாரணம். தடைக்கு முந்தையது என்று நிரூபித்து அனுமதிச் சான்றிதழ் வாங்கியாக வேண்டும். விற்பவர் "அதெல்லாம் யாரும் பார்ப்பதில்லை" என்றால், சுங்கத்தில் பறிபோவது உங்கள் மேசை.

கம்பளத்தில் பூச்சி அரித்திருக்கிறது. வாங்கலாமா?

இடத்தைப் பொறுத்தது. துணிப்பூச்சியின் புழு கம்பளியைத் தின்னும், பருத்தியையும் லினனையும் விட்டுவிடும். அதனால் அரித்த இடத்தில் முடி போய் வெறும் பாவு ஊடு கட்டமாக நிற்கும். அடித்தளம் உறுதியாக இருந்தால் திரும்ப முடிச்சுப் போடலாம். வடிவியல் கம்பளத்தில் ஒரு தொல்லை: பெரிய ஒரே நிறப் பரப்பில் பழுது பார்த்த இடம் திட்டாகக் காட்டிக்கொடுக்கும். பூ வேலைப்பாட்டில் ஒளிந்துவிடும் பழுது இதில் ஒளியாது. ஓரத்தில் அரித்ததை வாங்கலாம், நடுச் சதுரத்தில் அரித்ததை நான் வாங்கமாட்டேன்.

ஈரத்தில் உளுத்த கம்பளம் வேறு விஷயம். மெதுவாக மடித்துக் காதருகே வைத்தால் நூல் முறியும் படபடச் சத்தம் கேட்கும். அதை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.

வீட்டுக்கு வந்த எந்தக் கம்பளியையும் மற்றவற்றோடு சேர்ப்பதற்கு முன் தனியாக வையுங்கள். சிறியதென்றால் பாலித்தீனில் காற்றுப்புகாமல் கட்டி, மைனஸ் 18 டிகிரி உறைபெட்டியில் இரண்டு வாரம். எடுத்ததும் பிரிக்காமல், அறை வெப்பத்துக்கு வரும்வரை விடுங்கள். பெரியதை அனுபவமுள்ளவர்களிடம் கொடுப்பதே நல்லது. அந்துப்பூச்சி இருட்டிலும் அசைவில்லாத இடத்திலும்தான் முட்டையிடும், சோபாவுக்கு அடியிலிருக்கும் கம்பளப் பகுதி அதற்குப் பிடித்த இடம். மாதம் ஒருமுறை சோபாவை நகர்த்தி இருபக்கமும் வாக்குவம் போடுங்கள்.

வீட்டிலேயே துவைக்கலாமா?

வேண்டாம். ஈரமான வெள்ளைத் துணியை ஒவ்வொரு நிறத்தின் மேலும் ஒரு நிமிடம் அழுத்திப் பாருங்கள். சிவப்போ கறுப்போ துணியில் ஏறினால் தண்ணீரே ஆகாது. வெள்ளைப் பட்டைக்குள் சிவப்பு ஓடிய கம்பளத்தை யாராலும் பழையபடி ஆக்க முடியாது.

துருப்பிடித்த குழாயைப் புதிதாக முலாம் பூசலாமா?

சேர்ப்பதற்கென்றால் பூசாதீர்கள். நிக்கலை உரித்துக் குரோம் போட்ட நாற்காலி அதன் வயதுக்கான சாட்சியையும் இழந்துவிடுகிறது. லேசான துருவை மெல்லிய மெழுகு எண்ணெயால் நிறுத்தினால் போதும். அசல் இருக்கைத் துணி கந்தலாக இருந்தாலும் கழற்றிப் பத்திரமாக வையுங்கள், மேலே புதிது போட்டுக்கொள்ளலாம். உட்கார்வதற்குத்தான் வாங்கினேன் என்றால் தாராளமாகப் பூசுங்கள், விற்கும்போது அதை மறைக்காமல் சொல்லுங்கள்.

மெம்பிஸ் பொருள்களும் இதில் சேருமா?

வடிவமைப்பாளர் எத்தோரே சொட்சாஸும் நண்பர்களும் மெம்பிஸ் என்ற பெயரில் 1981ல் மிலானில் காட்டியவை மாடர்னிசத்தைச் சீண்டிப் பார்க்கவே செய்யப்பட்டவை. முக்கோணமும் அரைவட்டமும் இருப்பதால் ஏலப் பட்டியல்களில் பக்கத்துப் பக்கத்தில் வரும். நான் சேர்ப்பதில்லை. பிடித்திருந்தால் நீங்கள் சேருங்கள், யாரும் போலீஸைக் கூப்பிடமாட்டார்கள்.

கட்டம் போட்ட கம்பளத்தின் மேல் கட்டம் போட்ட அலமாரி வைத்தால் கண்ணைக் குத்தாதா?

இரண்டும் ஒரே அளவுக் கட்டமாக இருந்தால் குத்தும். கம்பளத்தில் பெரிய வடிவம் என்றால் அலமாரியில் சிறியது, அல்லது ஒன்றில் நிறம், மற்றதில் வெறும் மரம். வெயில் நேரே விழும் இடத்தில் இரண்டையும் வைக்காதீர்கள். கம்பளத்தை ஆறு மாதத்துக்கு ஒருமுறை பாதிச் சுற்றுத் திருப்பிப் போட்டால் இருபக்கமும் ஒரேபோல மங்கும்.

ஏலத்தில் முதல்முறை. என்ன கவனிக்க வேண்டும்?

சுத்தியல் விலைக்கு, அதாவது ஏலத்தில் முடிவாகும் விலைக்கு, மேல் ஏல நிறுவனத்தின் கமிஷன், வரி, அனுப்பும் செலவு எல்லாம் ஏறும். முழுத் தொகையை முன்பே கணக்குப் போட்டுவிட்டுக் கையைத் தூக்குங்கள். பட்டியலில் பெயருக்கு முன் என்ன சொல் இருக்கிறது என்று பாருங்கள். "இன்னார்" என்பது ஒன்று, "இன்னாருடையதாகக் கருதப்படுவது" வேறு, "இன்னாரின் பாணியில்" என்றால் அவருக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. நிலை அறிக்கையை எழுத்தில் கேளுங்கள். புகைப்படம் கேட்கும்போது பின்பக்கம், நான்கு மூலைகள், ஓரம், முடியை விலக்கி எடுத்த ஒரு நெருக்கப் படம் என்று குறிப்பிட்டே கேளுங்கள். அனுப்பத் தயங்கினால் அதுவே ஒரு பதில்.

நல்ல முதலீடா?

2009ல் பாரிஸில் ஆடை வடிவமைப்பாளர் ஈவ் சான் லோரானின் சேகரிப்பை ஏலம் விட்டபோது ஐலீன் கிரேயின் நாற்காலி ஒன்று 2 கோடியே 19 லட்சம் யூரோவுக்குப் போனது. இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் எல்லோரும் அந்தச் செய்தியைப் படித்தவர்கள். அது ஒரே ஒரு நாற்காலி, செதுக்கிய டிராகன்கள் உள்ளது, கோடும் கட்டமும் போட்டதுகூட இல்லை. பிரபல பெயர் இல்லாத கம்பளங்கள் வாங்கிய விலைக்கே திரும்பப் போனால் சந்தோஷப்படுங்கள்.

வாங்கியதும் முதலில் என்ன செய்ய வேண்டும்?

ரசீது, விற்றவர் சொன்ன வரலாறு, அளவு, எல்லாப் பக்கத்துப் படங்கள், முன்பே இருந்த பழுதுகள் ஆகியவற்றை ஒரே கோப்பில் வையுங்கள். விற்றவர் வாய்வார்த்தையாகச் சொன்னதை அன்றே எழுதித் தேதி போடுங்கள். நாற்காலியின் அடியில் ஒட்டிய பழைய காகிதத் துண்டையோ, கம்பளத்தின் பின்னால் தைத்த அழுக்குத் துணி லேபிளையோ சுத்தம் செய்கிறேன் என்று பிய்க்காதீர்கள். சலவைக்குக் கொடுக்கும்போது அந்த லேபிளைப் படமெடுத்து, கழற்றக் கூடாது என்று சீட்டிலேயே எழுதி வாங்குங்கள்.